பச்சையும் சிவப்பும் சேர்த்து அழுத்தினால்

அந்தக் காபியை நான் குடித்திருக்கக் கூடாது.

யஷ்வந்த்பூர் சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்த தமயந்தியின் மனதில் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுதிய புரோகிராமை அன்றைய முதலாளி ஸ்ரீகண்டன் தன் பெயரில் மேடையேற்றியதைக்கூட விட்டுவிடலாம். மறுநாள் தன் அறைக்குக் கூப்பிட்டு, தானே சர்க்கரை போட்டுக் கலக்கி, "நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று நீட்டினானே, அந்தக் காபி. அவள் வாங்கிக்கொண்டாள். கடைசிச் சொட்டுவரை குடித்தாள். "தேங்க்ஸ் சார்" என்றும் சொன்னாள். வருடங்கள் போய்விட்டன. அந்த இனிப்பு மட்டும் இன்னும் நாக்கின் அடியில் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது.

அவன் கெஞ்ச வேண்டும். அதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

"மேடம், பச்சை விழுந்தாச்சு. பின்னால பஸ்காரன் நம்ம குடும்பத்தையே கன்னடத்துல நலம் விசாரிக்கிறான்" என்றார் பின்சீட்டிலிருந்த நாகேஷ்.

நாகேஷ் நீலசந்திராக்காரர். பாதி ஆயுளை ஆட்டோ ஓட்டிக் கழித்துவிட்டு இப்போது தமயந்தியின் ஒரே உதவியாளராக இருக்கிறார். ஓட்டியே பழகியவருக்குப் பின்சீட்டு ஒரு தண்டனை. அந்தக் கோபத்தையெல்லாம் அவர் கிண்டலாக மாற்றி அவளிடமே திருப்பிக் கொடுப்பார். சிவாஜிநகரில் ஒரு துணிக்கடை மாடியில் அவர்களுடைய அலுவலகம் இருந்தது. கம்ப்யூட்டர் புரோகிராம் திருட்டைத் துப்பறிய வேண்டும் என்றால் வக்கீல்கள் அந்த மாடிப்படி ஏறி வருவார்கள். இந்த வழக்கை மட்டும் நாகேஷ் கொண்டுவந்தார். அவர் தெருவில் வளர்ந்த சுனிதாவின் வழக்கு.

"எனக்கு ஒண்ணு புரியல மேடம். நம்ம சுனிதா புரோகிராமை இன்டர்நெட்ல போட்டு, யார் வேணா எடுத்துக்கோன்னு சொல்லிட்டா. எடுத்துட்டான். அப்புறம் அது எப்படித் திருட்டு?"

"சும்மா சொல்லல நாகேஷ். லைசென்ஸ் போட்டிருக்கா. எடுக்கலாம், மாத்தலாம், விக்கவும் விக்கலாம். ஆனா எழுதினவ பேரை அழிக்கக் கூடாது. விக்கறப்போ உள்ள இருக்கிற புரோகிராமை வாங்கறவங்களுக்குத் திறந்து காட்டணும். ஓப்பன் சோர்ஸ்னா அதான்."

நாகேஷ் கொஞ்சம் யோசித்தார். "அன்னதானத்துல வயிறாரச் சாப்பிடலாம். அண்டாவைத் தூக்கிட்டுப் போய் வாசல்ல தன் பேர்ல ஓட்டல் போர்டு மாட்டக் கூடாது."

"அதேதான்."

"இந்த ஆளு அதுக்கும் மேல போயிட்டான். அண்டாவே என்னுது, கோயில்காரன்தான் திருடினான்னு நோட்டீஸ் விட்டிருக்கான்."

தமயந்திக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபேக்டரி மெஷின்களை இயக்க ஸ்ரீகண்டன் கம்பெனி விற்கும் கண்ட்ரோலர் பெட்டிக்குள் ஓடுவது சுனிதாவின் புரோகிராம். பெயரை அழித்து, பெட்டிக்கு சீல் வைத்துவிட்டார்கள். சுனிதா கடிதம் எழுதிக் கேட்டபோது பதிலாக வக்கீல் நோட்டீஸ் வந்தது: ஒவ்வொரு வரியும் எங்கள் கம்பெனியில் எழுதப்பட்டது, பயிற்சிக்கு வந்த நீதான் திருடிக்கொண்டு போனாய். சுனிதா வேலை பார்த்த பட்டறை அவளை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டது. இன்று மாலை ஸ்ரீகண்டனின் ஆபீசுக்குப் போய் அவள் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் போலீஸ். போட்டால் இந்த ஊரில் இனி எந்தக் கம்பெனியும் அவளைக் கம்ப்யூட்டர் பக்கம் விடாது.

இரண்டு புரோகிராமும் ஒன்றுதான் என்பதை ஸ்ரீகண்டனே ஒத்துக்கொள்கிறான். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. தேதியைக் காட்டலாம் என்றால், அவனும் பழைய தேதி போட்ட ஃபைல்களை வைத்திருந்தான். கம்ப்யூட்டரில் தேதியை மாற்றுவது சுவர்க் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதைவிடச் சுலபம்.

அதனால் நேற்று தமயந்தி சுனிதாவிடம் வேறொன்று கேட்டாள். "உன் புரோகிராம்ல யாருக்கும் தேவைப்படாத விஷயம் ஏதாவது இருக்கா?"

திருடுகிறவனுக்கு உபயோகமானது எது என்று தெரியும். உபயோகமில்லாததை அவன் பார்ப்பதே இல்லை.

சுனிதா முதலில் முறைத்தாள். பிறகு அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். "பூஜைச் சுத்துன்னு ஒண்ணு இருக்கு அக்கா. ஆயுத பூஜை அன்னிக்கு மெஷினுக்கு மாலை போட்டு, சும்மா ஒரு நிமிஷம் ஓட்டுவோம் இல்ல? சரக்கு இல்லாம ஓட்டினா அலாரம் அடிச்சு நின்னுடும். மொத நாள் சாயங்காலம் எங்க ஓனர் கத்தினார். அங்கயே உக்காந்து எழுதினேன். பச்சை பட்டனையும் சிவப்பு பட்டனையும் சேர்த்து அழுத்தினா, மெஷின் நடுவுல இருக்கிற வட்டத் தட்டு மெதுவா ஒரே ஒரு சுத்து வந்து நிக்கும். தட்டு மேல கற்பூரம் ஏத்தி வெச்சா மெஷினே ஆரத்தி எடுக்கற மாதிரி இருக்கும்."

ஓடச் சொல்லும் பட்டனையும் நிற்கச் சொல்லும் பட்டனையும் ஒன்றாக யார் அழுத்தப் போகிறார்கள்?

*

பீன்யாவில் கோவிந்தப்பாவின் ஊதுபத்தி ஃபேக்டரிக்குள் நுழைந்தவுடன் சந்தன வாசனையில் நாகேஷ் தும்மினார். பாக்கெட் போடும் மெஷினின் நடுவே ஒரு வட்டத் தட்டு இருந்தது. பக்கத்தில் ஸ்ரீகண்டன் கம்பெனியின் நீலப் பெட்டி. பூஜை முடிந்து சில வாரங்கள் ஆகியும் மெஷினில் சாமந்தி மாலை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"பன்னிம்மா, பன்னி" என்று கன்னடத்தில் வரவேற்ற கோவிந்தப்பா, தன் தொழிலாளிகளிடம் கற்றுக்கொண்ட தமிழுக்கு மாறினார். "அழுத்திப் பாரு. ஆனா மெஷின் கெட்டா ஸ்ரீகண்டன் சாரைக் கூப்பிட மாட்டேன். உன் ஆளைத்தான் தட்டு மேல உக்கார வெப்பேன்."

"நான் உக்காந்தா பாக்கெட் சைஸ் பத்தாது சாமி" என்ற நாகேஷ், பச்சையையும் சிவப்பையும் சேர்த்து அழுத்தினார்.

விளக்கு சிமிட்டியது. தட்டு அசைந்தது. அலாரம் இல்லை. மெதுவாக, பவ்யமாக, ஒரே ஒரு சுற்று.

பூஜைச் சுத்து இருக்கிறது. பெயரை அழித்தவன் இதை விட்டுவிட்டான்.

"ஐயோ! பேடா, வேண்டாம்!" கோவிந்தப்பா பாய்ந்து வந்து மெயின் சுவிட்சை அணைத்தார். "இடப்பக்கமா சுத்துது! அபசகுனம்! பூஜை போட்ட மெஷின், அதை அப்பிரதட்சிணமா சுத்த விடறியா?"

நாகேஷின் முகம் தொங்கிப்போனது. "மேடம், சுனிதா மெஷின்ல வலமாத்தானே சுத்தும்? தெருப் பிள்ளையாரைக்கூட வலம் வராமத் தாண்ட மாட்டா அவ. அப்போ இது அவளுது இல்லையா?"

கிடைத்தது கைக்குள்ளேயே கரைவது தமயந்திக்குப் புதிதல்ல. ஆனால் இப்போது அவள் சுனிதாவுக்காகப் பதறவில்லை. ஸ்ரீகண்டன் தப்பிவிடுவானோ என்றுதான் பதறினாள். அந்த வித்தியாசம் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் வெட்கப்படவில்லை.

"சுனிதாவோட பட்டறையைப் பார்க்கணும். இப்பவே."

*

பட்டறை இரண்டு தெரு தள்ளி இருந்தது. உள்ளே போகத் தனக்கு அனுமதியில்லை என்று கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள் சுனிதா. கண்கள் சிவந்திருந்தன. அழுது சிவந்த கண்கள் அல்ல.

"வலமாத்தான் சுத்தும் அக்கா. நானே பக்கத்துல நின்னு தேங்காய் உடைச்சேன். அந்த ஆளு அதைக்கூட மாத்திட்டானா? அவன் கை விளங்குமா?"

தமயந்தி உள்ளே போனாள். அதே மாதிரித் தட்டு. ஆனால் அதைச் சுழற்றும் மோட்டார் கீழே இல்லை. மேலே, இரும்புச் சட்டத்தில், வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கியது.

அவள் கேட்டுக்குத் திரும்பி வந்தாள். "மோட்டார் ஏன் மேல இருக்கு?"

"மழை வந்தா ரோட்டுத் தண்ணி உள்ள வந்துடும். கீழ வெச்சு ரெண்டு தடவை புகைஞ்சுபோச்சு. அப்புறம் தூக்கி மாட்டிட்டாங்க."

தமயந்தி ஸ்கூட்டரை ஸ்டாண்டில் போட்டு, காற்றில் நின்ற பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டாள். "நாகேஷ், நீங்க நிக்கற பக்கத்துலேருந்து எப்படிச் சுத்துது?"

"வலமா."

"இந்தப் பக்கம் வாங்க."

சுற்றி வந்தவர் வாயைத் திறந்தபடி நின்றார். "இடமா சுத்துது. ஒரே சக்கரம்!"

"மோட்டாரும் அப்படித்தான். கீழேருந்து சுத்தினா ஒரு பக்கம், தலைகீழா மாட்டினா மறுபக்கம். மத்த வேலைக்கெல்லாம் எந்தப் பக்கம் சுத்தணும்னு மெஷினுக்கு மெஷின் மாத்தி வெச்சுக்கலாம். பூஜைச் சுத்தை மட்டும் இவ அவசரத்துல இந்த ஒரு மெஷினுக்குன்னு எழுதிட்டா. உலகத்துல இருக்கிற மத்த எல்லா மெஷின்லயும் அது இடமாத்தான் சுத்தும்."

சுனிதா நெற்றியில் அறைந்துகொண்டாள். "நான் பண்ணின தப்பு! பல்கேரியாவுல ஒருத்தர் என் புரோகிராமை ஓட்டறார். அவர்கூட சொல்லலையே?"

"பல்கேரியாவுல ஆயுத பூஜைக்கு லீவு இல்லம்மா" என்றார் நாகேஷ். "போதும் மேடம். பூஜைக்குன்னு எழுதறவன் எவனும் இடமா சுத்த எழுத மாட்டான். இந்த மோட்டாரைப் பார்த்து எழுதினாத்தான் உண்டு. வக்கீலைக் கூப்பிடுவோம்."

"போதாது. 'பையன் யாரோ தப்பா எழுதிட்டான்'னு ஒரு வரியில கழண்டுக்குவார். பூஜைச் சுத்து தன்னுதுன்னு அவரே வாயால சொல்லணும்."

"அவரா? கேட்டா சொல்லிடுவாரா?"

"கேட்டா சொல்ல மாட்டார்" என்றாள் தமயந்தி. "பாராட்டினா சொல்லுவார்."

*

ஸ்ரீகண்டனின் ஆபீஸ் வரவேற்பு ஹாலில் பளபளப்பான மெஷின் ஒன்று கண்ணாடி விளக்குகளுக்குக் கீழே நின்றது. அதற்கும் மாலை போட்டிருந்தார்கள். சோபாவில் அவனுடைய வக்கீல் பத்ரிநாத், மடியில் மன்னிப்புக் கடிதத்தோடு. ஒல்லியான, சிரிக்கத் தெரியாத மனிதர். கோவிந்தப்பாவும் வந்திருந்தார்; தன் மெஷினுக்குப் பிடித்த தோஷத்துக்கு விளக்கம் கேட்க.

"அட, தமயந்தி! எவ்ளோ வருஷமாச்சு!" ஸ்ரீகண்டனின் தலைமுடி நரைத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது. "நீயா இந்தப் பொண்ணுக்குத் துணை? என்கிட்ட தொழில் கத்துக்கிட்டு எனக்கு எதிரா வரியேம்மா."

சுனிதாவின் தாடை இறுகியது. தமயந்தி அவள் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"கையெழுத்து ஆயிடும் சார். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். உங்க கண்ட்ரோலர்ல ஒரு விஷயம் பார்த்து அசந்துபோயிட்டேன்."

"எது?"

"ரெண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினா, பூஜைக்குன்னு தட்டு காலியா ஒரு சுத்து வருதே. பீன்யா தொழிலாளி மனசு தெரிஞ்சவங்களுக்குத்தான் அது தோணும். உங்க பசங்கள்ல யாரு சார் அந்தக் கெட்டிக்காரன்?"

ஒரு கணம். அவன் அதைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்பது அவளுக்கு அவன் இமையிலேயே தெரிந்தது. அதற்குப் பின்னால் அந்தப் பசியும் தெரிந்தது. நல்லதாக எதைக் கேட்டாலும் தன் தட்டில் இழுத்துப் போட்டுக்கொள்ளும் பசி. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் பல வருடம் வேலை செய்திருக்கிறாள்.

"பசங்களுக்கா?" ஸ்ரீகண்டன் சிரித்தான். "நான்தான் சொன்னேன்."

"நினைச்சேன். இங்கயும் ஓட்டுவீங்களா சார்?"

"ஒவ்வொரு வருஷமும். இதே மெஷின்ல. நானே கற்பூரம் ஏத்தி, நானே அழுத்துவேன். பார்க்கறப்போ கண்ணு கலங்கிடும்."

வரவேற்பு மேஜைப் பெண் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். பத்ரிநாத்தும் பார்த்தார்.

"எங்களுக்கும் ஒரு தடவை காட்டுங்க சார்."

நாகேஷ் ஏற்கனவே பைக்குள்ளிருந்து பித்தளைத் தட்டையும் கற்பூரத்தையும் எடுத்திருந்தார். "இருக்கட்டும்னு கொண்டுவந்தேன் மேடம். கடவுள் காரியம்."

மறுக்க இடமில்லை. ஸ்ரீகண்டன் மெஷின் அருகே போய்ப் பச்சையை அழுத்தினான். பிறகு சிவப்பை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை.

"சேர்த்து சார், சேர்த்து. வருஷா வருஷம் அழுத்தற கை, இன்னிக்கு ரெஸ்ட் கேக்குது போல" என்றார் நாகேஷ்.

சேர்த்து அழுத்தினான். கற்பூரச் சுடரை ஏந்திக்கொண்டு வட்டத் தட்டு மெதுவாக, மிக மெதுவாக, இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது.

மேஜைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கோவிந்தப்பா இரண்டடி பின்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஒவ்வொரு வருஷமும் இப்படியா சார் பூஜை பண்ணே? உன் மெஷினை வாங்கி என் ஃபேக்டரியில வெச்சேனே!"

ஸ்ரீகண்டன் மெஷினிலிருந்து கையை எடுத்தான். "இது... பசங்க ஏதோ சின்னத் தப்பு..."

"வருஷா வருஷம் கண் கலங்கிப் பார்த்த உங்களுக்கா சார் அது தெரியல?" தமயந்தி குரலை உயர்த்தவில்லை. வக்கீல் பக்கம் திரும்பினாள். "இது வலமா சுத்தற மெஷின் பீன்யாவுலயே ஒண்ணுதான் இருக்கு சார். சுனிதாவோட பட்டறையில. அங்க மோட்டார் தலைகீழா தொங்குது. அதைப் பார்த்து எழுதினது இது. வந்து பார்க்கறீங்களா?"

பத்ரிநாத் மன்னிப்புக் கடிதத்தை நான்காக மடித்துத் தன் பைக்குள் போட்டார். தன் கட்சிக்காரரிடம் வறண்ட குரலில் சொன்னார்: "நோட்டீஸை வாபஸ் வாங்கறேன். இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க. இந்தப் பொண்ணோட லைசென்ஸ்ல நாலாவது ஷரத்து. லைசென்ஸை மீறினவனுக்கு அனுமதி அந்த நிமிஷமே போயிடும். உங்ககிட்ட வாங்கினவங்க தொடர்ந்து ஓட்டலாம். கோவிந்தப்பா கவலைப்பட வேண்டாம். நீங்க மட்டும் இனி ஒரு பெட்டிகூட விக்க முடியாது. இந்தப் பொண்ணா மறுபடி அனுமதி எழுதிக் கொடுத்தாத்தான் உண்டு."

ஸ்ரீகண்டன் கிடங்குக் கதவைத் திரும்பிப் பார்த்தான். அடுத்த வாரம் துபாய்க்குக் கப்பல் ஏற வேண்டிய பெட்டிகள் கிடங்கில் அடுக்கியிருந்தன.

சுனிதா அவனை நேராகப் பார்த்தாள். "என்னைத் திருடின்னு சொன்னீங்க. எங்க அம்மா காய்கறிக்காரன்கிட்டகூட முகம் கொடுக்காம நடக்கறாங்க." பிறகு தமயந்தியிடம் திரும்பினாள். "அக்கா, இந்த ஆளை என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். கொடுக்கலாம்னு நீங்க சொன்னா எழுதித் தரேன். வேணாம்னா வேணாம்."

*

அறை மாறவில்லை. பெரிய மேஜை, சுவரில் விருதுகள். ஸ்ரீகண்டன் தமயந்தியை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். பியூனைக் கூப்பிடாமல் ஃபிளாஸ்க்கிலிருந்து காபியைத் தானே ஊற்றினான், தானே சர்க்கரை போட்டான். கரண்டி டம்ளரில் மோதும் சத்தம்கூட அதேதான்.

"உனக்குச் சர்க்கரை தூக்கலா வேணும், இல்ல?"

டம்ளரை அவள் முன்னால் வைத்தான்.

"தமயந்தி, உன்னால ஆகும். இல்ல... உங்களாலதான் ஆகும். அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ பேரை பெட்டி மேலயே போடறேன். புரோகிராமைத் திறந்து கொடுத்துடறேன். லைசென்ஸ்ல இருக்கற எல்லாத்தையும் பண்றேன்."

நீ, நீங்களானது. அவள் அதைக் கேட்டாள். இந்தச் சொல்லுக்காக எத்தனை நாள் காத்திருந்தாள்! வந்ததும் உள்ளே ஏதோ பொங்கும் என்று நினைத்திருந்தாள். பொங்கவில்லை. ஒரு தெளிவு மட்டும் இருந்தது. முகம் கழுவியபின் வருமே, அதுபோல.

"உங்க பழைய புரோகிராம்" என்றான் இன்னும் தாழ்ந்த குரலில். "அதுலயும் உங்க பேரைப் போட்டுடறேன். நாளைக்கே. நீங்கதான் எழுதினீங்கன்னு நானே மேடையில சொல்றேன். போதுமாம்மா?"

அம்மா.

அது அவளைத் தொட்டது. தொடவில்லை என்று தனக்குள்ளேயே பொய் சொல்ல அவளால் முடியவில்லை. அந்தப் பெயருக்காக எவ்வளவோ நாள் ஏங்கியிருக்கிறாள். ஆனால் அவன் கையால் வரும் பெயர் எப்படி வரும் என்றும் தெரிந்தது. அவன் ஊற்றி, அவன் கலக்கி, அவன் நீட்டுவான். அவள் தேங்க்ஸ் சொல்ல வேண்டும்.

அவன் ஒரு வெள்ளைத் தாளையும் திறந்த பேனாவையும் அவள் பக்கம் தள்ளினான். "சுனிதாவுக்கு ரெண்டு வரி. 'கொடுத்துடு'ன்னு. அவ்வளவுதான் கேக்கறேன். உங்க காலைப் பிடிக்கணுமா, சொல்லுங்க."

கதவுக்கு அப்பால் நாகேஷ் ஏதோ சொல்ல, சுனிதா வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது.

தமயந்தி பேனாவை எடுத்தாள். அதன் மூடியை மேஜையில் தேடிக் கண்டுபிடித்து, மெதுவாக மூடி, வெற்றுத் தாளின் மேல் வைத்தாள்.

"சொல்ல மாட்டேன் சார்."

ஆவி பறந்துகொண்டிருந்த டம்ளரை ஒரு விரலால் அவன் பக்கமே நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள்.